வேலி விட்ட தண்ணி, மதில் மறிச்ச வெள்ளம்: உரும்பிராய் வளவுகளின் ஒரு சின்ன வரலாறு

உரும்பிராயில் ஒரு பழைய காணி உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கோ. நாலு எல்லையும் சொல்லி முடிந்த பிறகு ஒரு வரி வரும்: வீடு, பயன்தரு மரங்கள், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை. நொத்தாரிசுமார் தலைமுறை தலைமுறையாக இதை எழுதி வந்திருக்கிறார்கள். நாங்கள் பெரிதாகக் கவனிக்கிறதில்லை. காணி எத்தனை பரப்பு, றோட்டுக்கரையா ஒழுங்கைக்குள்ளயா, இவ்வளவும்தான் கேட்போம்.

வரலாறு படிக்கிற ஆளுக்கு அந்த வரி முக்கியமானது. வாய்க்கால் என்று அதில் சொன்னது பெரும்பாலும் இறைப்பு வாய்க்காலைத்தான். பங்குக் கிணற்றில் இறைத்த தண்ணி பக்கத்துக் காணிக்கூடாகப் போய் என்னுடைய பாத்திக்கு வர எனக்கு உரிமை இருக்கு என்று அதற்கு அர்த்தம். தண்ணி எல்லை தாண்டி ஓடும், அதை மறிக்கேலாது என்பதைச் சட்டப் பத்திரமே ஏற்றுக்கொண்டிருந்தது. இண்டைக்கு அதே காணிகளைச் சுற்றி ஆறடி மதில் நிற்கிறது. கார்த்திகை மாதத்தில் ஒழுங்கை முழுக்க வெள்ளம், சித்திரையில் கிணற்றில் தண்ணி இறங்கிவிட்டது என்று கவலை. இந்த இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கம். எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடிப் பார்க்கிறது.

காலுக்குக் கீழ என்ன இருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு இருக்கிறது. அதுவும் மாரியில் மட்டும் ஓடி, கந்தரோடைப் பக்கத்தால் போய் அராலியில் கடலேரியோடு சேர்ந்துவிடும். உரும்பிராய்க்கு அதுவும் இல்லை. கோப்பாய்ப் பிரதேச செயலர் பிரிவில், பலாலி வீதியில், திருநெல்வேலிக்கு வடக்கே இருக்கிற செம்பாட்டு ஊர் இது. செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் வெடிப்புகள், பொந்துகள், சில இடங்களில் குகை மாதிரி வெளிகள். மழைத்தண்ணி மண்ணால் இறங்கி இந்த வெடிப்புகளுக்குள் போய்த் தங்குகிறது. அதுதான் கிணற்றில் ஊறுகிறது.

அப்படித் தங்குகிற நன்னீர், கடலில் இருந்து கல்லுக்குள் ஊடுருவி நிற்கிற உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நடுவில் தடித்து, கரைகளில் மெலிந்த ஒரு வில்லை மாதிரி இதைக் கற்பனை செய்யலாம். 1888இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாக இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும்.

இதைக் கண்ணால் பார்க்க விருப்பமென்றால் புத்தூர்ப் பக்கம் நவற்கிரியில் இருக்கிற நிலாவரைக் கிணற்றுக்குப் போகலாம். மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கின கிணறு என்று ஊர்க்கதை சொல்லும். 1845 தொடக்கம் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தன்னுடைய இலங்கை பற்றிய நூலில் இந்தப் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அடியில் கடலோடு தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் அப்பவே இருந்தது.

இனி வரவைப் பாருங்கோ. குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில். ஒரு பரப்புக் காணி என்றால் 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஒரு பரப்பில் மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சம் லீற்றருக்கு மேல் மழை விழுகிறது. வீட்டு மேல இருக்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியில் முந்நூறு தாங்கி. கிணற்றின் சம்பளம் இதுதான். வேறு வருமானம் அதற்குக் கிடையாது. ஆவியாகவும் மரங்களின் வேரால் மேலாகவும் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்குகிறதா, அல்லது ஒழுங்கையால் ஓடிக் கிழக்கே கோப்பாய் வெளிக்கும் உப்பாற்றுப் பக்கமும் போய் உப்போடு கலக்கிறதா? அதை முடிவு செய்வது வளவின் மேற்பரப்பு.

வளவு எப்படி வேலை செய்தது

"சூழலியல் நிலத்தோற்ற வடிவமைப்பு" என்று இப்ப புத்தகங்களில் ஒரு துறை இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் மழைநீரை எப்படி மெதுவாக்கி, தேக்கி, நிலத்துக்குள் இறக்குவது என்பது அதில் ஒரு பெரிய பாடம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜோர்ஜ் கவுண்டி என்ற இடத்தில், வீட்டு முற்றங்களில் பள்ளமான பாத்தி வெட்டிச் செடி நட்டு மழைநீரை இறக்கினார்கள். "மழைத் தோட்டம்" என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க இது பரவிவிட்டது.

எங்கட ஆக்கள் இதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுகிற வேலை எனக்கு வேண்டாம். பழைய வளவை யாரும் மழைநீர்த் திட்டமென்று வரைந்து கட்டவில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பாகமும் ஒரு காரணத்துக்காக இருந்தது. அவை எல்லாம் சேர்ந்து தண்ணியைப் பிடித்து வைத்தன.

முதல் பாகம் வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையிடையே ஆடாதோடை. கதியால் போட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி. மழைவெள்ளம் அதற்கூடாகப் போகும், ஆனால் வேகமாகப் போகாது. கதியாலின் அடியில் குப்பை, சருகு, வேர் எல்லாம் தடுத்து, கொண்டு வருகிற மண்ணை அங்கேயே படிய வைக்கும். வேலிக்கரை எப்பவும் கொஞ்சம் உயர்ந்து, இலைமக்கு நிறைந்து கறுப்பாக இருந்ததற்கு இதுதான் காரணம். கதியாலை ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் தள்ளிப் போட்டு எல்லையை நகர்த்துகிற கலையும் எங்கட ஊர்களுக்குத் தெரியும். அந்தச் சண்டைகளால் வயிறு வளர்த்த அப்புக்காத்துமார் எத்தனை பேர்!

இரண்டாவது, குழை. பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்துகிற வழக்கம். அது பசளைக்காகச் செய்தது. ஆனால் இலைமக்குள்ள மண் பஞ்சு மாதிரி, மழையை வேகமாக உறிஞ்சும். ஆக, வேலி வெறும் எல்லை இல்லை. தோட்டத்துக்கு உரம் கொடுத்த மரவரிசையும் அதுதான்.

மூன்றாவது கிணற்றடி. குளித்த தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி சிறிய வாய்க்காலால் போய் வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் பாயும். ஒரு தண்ணியை இரண்டு தடவை பாவிப்பது.

நாலாவது துலா. ஆடுகாலில் துலா ஆடும், ஒருவர் மேலே ஏறி மிதிப்பார், ஒருவர் கிணற்று வாயில் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், ஒருவர் தோட்டத்தில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். பங்குக் கிணறென்றால் "இண்டைக்கு ஆற்ற முறை" என்ற கணக்கும் இருக்கும். மனுசரின் உடம்பு களைத்தால் இறைப்பு நிற்கும். எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு அந்தக் களைப்பே ஒரு வரம்பு. நன்னீர் வில்லையைக் காப்பாற்றவென்று யாரும் யோசித்து வைத்த வரம்பு இல்லை. ஆனாலும் அது காப்பாற்றியது.

யார் மிதித்தது, யார் தள்ளி நின்றது

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "அந்தக் காலம் போல வருமா" என்று முடித்தால் அது பொய் வரலாறு.

கிணற்றில் பங்கு என்று உறுதியில் எழுதப்பட்டது காணி வைத்திருந்தவர்களுக்கு. காணி இல்லாதவர்களுக்குப் பங்கும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் குடாநாட்டில் பல ஊர்களில் மற்றவர்களின் கிணற்றில் அள்ள விடப்படவில்லை. குடத்தோடு வந்து, யாராவது அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். அதே ஆட்கள்தான் பல தோட்டங்களில் துலா மிதித்தார்கள், மண் கொத்தினார்கள், கிணறு தோண்டினார்கள். தண்ணியை மேலே கொண்டுவந்த உடம்புக்கு அந்தத் தண்ணியைத் தொட அனுமதி இல்லை. கே. டானியல் "தண்ணீர்" என்று ஒரு நாவலுக்கே பெயர் வைத்தார் என்றால், அது சும்மா ஒரு பெயரில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு ஊர் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. தேநீர்க்கடை, கோயில் வாசல் என்று அந்தப் போராட்டங்கள் நடந்தன. கிணற்றடியும் அதே ஒழுங்கின் ஒரு பகுதிதான்.

அதனால் பழைய வளவில் இருந்து நாங்கள் எடுக்க வேண்டியது அதன் தொழில்நுட்பத்தை. அதன் சமூக ஒழுங்கை இல்லை. வேலியை நினைத்து ஏங்குகிறபோது, அந்த வேலிக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லவேணும். துலா போய் மிஷின் வந்தபோது, மிதித்த ஆட்களுக்கு அது ஒரு விடுதலையும்தான்.

மிஷின் வந்த காலம்

1950களில் இருந்து மண்ணெண்ணெயில் ஓடுகிற நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வரத் தொடங்கின. களைப்பு என்ற வரம்பு போய்விட்டது. எரிபொருளுக்குக் காசு இருக்கிற வரைக்கும் இறைக்கலாம்.

பிறகு 1970 தொடக்கம் 1977 வரை, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கக் காலம். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வலிகாமத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, சுன்னாகம் என்று செம்பாட்டு ஊர்களில் தோட்டம் செழித்தது. வெங்காயம் விற்ற காசில் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்த காலமும் இதுதான். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து, இறக்குமதி வெங்காயம் சந்தையை நிரப்பியபோது அந்தக் காலம் முடிந்தது.

அந்தச் செழிப்பின் கணக்கு நிலத்துக்குக் கீழே எழுதப்பட்டது. கூட இறைத்தார்கள், கூட யூரியா போட்டார்கள். யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்ட பங்கு நைத்திரேற்றாக மாறி, இறைத்த தண்ணியோடும் மழையோடும் திரும்பவும் கிணற்றுக்கே இறங்கியது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு இது ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற சக்தியையே இது குறைக்கும்.

குழை தாழ்த்துகிற வழக்கமும் இந்தக் காலத்தில்தான் குறைந்தது. பையில் உரம் வருகிறபோது வேலி எதற்கு? வேலி தோட்டத்தோடு வைத்திருந்த உறவு அறுந்தது. அதன்பிறகு அது வெறும் எல்லை. எல்லைதான் வேண்டுமென்றால் மதில் இன்னும் உறுதி.

தடைப் பட்டியலில் சீமெந்து

மதில் உடனே வரவில்லை. இடையில் யுத்தம் வந்தது.

1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நகர்ந்தபோது உரும்பிராய் அந்தப் பாதையில் இருந்தது. 1990 தொடக்கம் பொருளாதாரத் தடை. எரிபொருள், உரம், சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற காலம். இறைப்பு மிஷின்கள் மூலைக்குப் போயின. யூரியா கிடைக்காதபடியால் சாணமும் குழையும் திரும்பி வந்தன. பனைகள் பங்கருக்கு வெட்டுப்பட்டன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996இல் சனம் திரும்பி வந்தபோது வளவுகளில் பற்றை வளர்ந்திருந்தது.

தடையால் ஏற்பட்ட துன்பத்தை யாரும் நல்லது என்று சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் சூழல் வரலாறு இப்படியான கேள்விகளையும் கேட்கத்தான் வேண்டும். சீமெந்து இல்லாத ஊரில் மதில் கட்ட ஏலாது. முற்றத்துக்குக் கொங்கிறீற் போட ஏலாது. ஒரு தலைமுறை முழுக்க வேலி அடைத்துக்கொண்டிருந்ததற்கு மரபுப்பற்று காரணமில்லை. சீமெந்து இல்லாததே காரணம்.

2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சீமெந்து வந்தது. 2006இல் பாதை மூடி, 2009க்குப் பிறகு திரும்பவும் திறந்தது. வெளிநாட்டுக் காசும் வந்தது. முதலில் கட்டினது வீடு, அடுத்தது மதில். அதை நான் குறை சொல்லமாட்டேன். இருபது முப்பது வருடமாக எல்லையே நிச்சயமில்லாமல் வாழ்ந்த சனம், காணிக்காரர் வெளிநாட்டில், பக்கத்துக் காணியில் யார் வருவார் என்று தெரியாது. மதில் ஒரு பாதுகாப்பு உணர்வு. அடிக்கடி வேலி அடைக்க ஆளும் இல்லை, கிடுகுக்கு விலையும் கூட.

இதோடு சீதனமும் சேர்ந்தது. தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதிய காலத்திலேயே மகளுக்குக் காணி எழுதுவது ஊர் வழக்கம். எட்டுப் பரப்பு வளவு நாலு பிள்ளைக்கு இரண்டிரண்டு பரப்பாகும். இரண்டு பரப்பில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி, ஒரு கார் நிற்க இடம், சுற்றி மதில். மிஞ்சுகிற முற்றத்துக்குச் சேறு படாமல் இன்ரர்லொக் கல்.

வெள்ளம் எங்கே போகும்

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணி வரும். பழைய வளவில் அது தாவாரத்தால் விழுந்து, மணல் முற்றத்தில் ஊறி, மிச்சம் வேலிக்கரையில் தேங்கி இறங்கும். இப்ப அது பீலியால் வந்து, குழாயால் இறங்கி, கல் பதித்த முற்றத்தால் ஓடி, கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்குப் போகும். எல்லா வீடும் இதையே செய்யும். இரண்டு பக்கமும் மதில் நிற்கிற ஒழுங்கை ஒரு கால்வாய் ஆகிவிடும். ஒழுங்கைக்குத் தார் போட்டு உயர்த்தினால் வெள்ளம் திரும்பவும் பதிந்த வளவுக்குள் வரும். உடனே அந்த வீட்டுக்காரர் மண் பறித்துத் தன் காணியை உயர்த்துவார். அடுத்த மழைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்துவார். இந்தப் போட்டியில் கடைசியில் தோற்பது காசில்லாத வீடு.

2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடித்தபோது இதன் முன்னோட்டத்தைப் பார்த்தோம். அது அசாதாரண மழை, எந்த வளவும் அதை முழுக்க உறிஞ்சியிருக்காது. ஆனால் இப்ப சாதாரண கார்த்திகை மழைக்கே ஒழுங்கை நிரம்புகிறது. அதற்குப் புயல் காரணமில்லை.

தண்ணி என்றதும் எங்கட அரசியல் எப்பவும் பெரிய திட்டங்களைத்தான் கதைக்கும். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" திட்டம், ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குள் கொண்டுவருகிற கனவு. பிறகு இரணைமடுத் தண்ணி, அதற்குக் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பு. கடைசியில் 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாரியில் நன்னீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, கோடையில் கடல்நீரை மின்சாரம் செலவழித்து நன்னீராக்குவது ஒரு விசித்திரமான கணக்கு.

அப்படியே கிணற்றுக்குள் விடலாமா?

மழைநீரைச் சேமிக்கச் சட்டம் போட்ட இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையிலும் 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி, நகரப் பகுதிக் கட்டடங்களுக்கு இது சேர்க்கப்பட்டது. சீனாவில் கோங்ஜியான் யூ என்ற நிலத்தோற்றக் கலைஞரின் "பஞ்சு நகரம்" என்ற கருத்து, 2012இல் பீஜிங் வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கக் கொள்கையாகவே ஆனது. கிராமத்தில் வளர்ந்தவர் அவர். விவசாயிகள் தண்ணியோடு வாழ்ந்த முறையில் இருந்துதான் இதைக் கற்றதாகச் சொல்லிவந்தார்.

எங்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. சுண்ணாம்புக்கல் தண்ணியை வடிகட்டாது. வடிகட்டுகிறது மேலே இருக்கிற மண். கல்லின் வெடிப்புக்குள் ஒரு தடவை போனால், போகிறது போகிறதுதான். நிலத்தில் ஊற்றினது கிணற்றில் வரும் என்பதற்கு உரும்பிராய்க்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கு. சுன்னாகம் மின் நிலையப் பகுதியில் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. காசு கொடுக்கலாம். கிணற்றைக் கழுவித் திருப்பிக் கொடுக்க ஏலாது.

அதனால் ஒழுங்கை வெள்ளத்தையோ முற்றத்துத் தண்ணியையோ நேரே கிணற்றுக்குள் திருப்பிவிடுவது தப்பு. மலசலகூடக் குழியும், தோட்டத்து மருந்தும், மோட்டார் சைக்கிள் எண்ணெயும் அதோடு வரும். தண்ணி மண்ணுக்கூடாக மெதுவாக இறங்க வேண்டும். பழைய வேலிக்கரை செய்த வேலை இதுதான்.

இரண்டு பரப்பில் என்ன செய்யலாம்

வேலிக்குத் திரும்புங்கோ என்று சொன்னால் யாரும் மதிலை இடிக்கப் போறதில்லை. மதில் இருக்கட்டும், அதன் காலடியில் வேலிக்கரையைத் திரும்ப உண்டாக்கலாம்.

மதிலோடு ஓட்டி, இரண்டு மூன்று அடி அகலத்தில், ஒரு அடி ஆழத்தில் நீளமாக ஒரு பள்ளப் பாத்தி வெட்டலாம். அத்திவாரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி. அதில் சருகும் இலைமக்கும் போட்டு ஆடாதோடை, செவ்வரத்தை, வல்லாரை, வாழை என்று நடலாம். கூரைப் பீலியை ஒழுங்கைக்குத் திருப்பாமல் இந்தப் பாத்திக்குத் திருப்பலாம். முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் வரும். அதைக் குடிக்கச் சேகரிக்காமல் பாத்திக்கே விட்டுவிடலாம். பாத்தி நிரம்பி வழிகிற தண்ணிக்கு ஒரு வாய் வைத்து, அது மட்டும் வெளியே போகட்டும்.

இந்தப் பள்ளத்தை மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். இரண்டு பரப்பில் அதுவே கஷ்டம், வெடிப்புள்ள கல்லில் 50 அடியும் போதுமென்று சொல்ல ஏலாது. அடி சீமெந்து பூசி இறுக்கின குழி கட்டுவது மதிலை விட முக்கியமான செலவு.

நுளம்பு வருமே என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, டெங்கு பார்த்த ஊர். செம்பாட்டு மண்ணில் ஒரு பள்ளத்துத் தண்ணி பொதுவாக ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். நுளம்பு முட்டையில் இருந்து பறக்க ஒரு கிழமைக்குக் கிட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தண்ணி நின்றால் அந்தப் பள்ளம் சரியில்லை, மண்ணைக் கிளறி இலைமக்குக் கூட்ட வேண்டும். பீலிக்குள்ளும் பழைய ரயருக்குள்ளும் நிற்கிற தண்ணிதான் உண்மையில் ஆபத்து.

முற்றத்துக்குக் கல் பதிப்பதென்றால் கார் சில்லு ஓடுகிற இரண்டு கோட்டுக்கு மட்டும் பதிக்கலாம். மிச்சம் மணலாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் ஒரு வீட்டில் செய்தால் அந்த வீட்டு முற்றம் வடிவாக இருக்கும், அவ்வளவுதான். நன்னீர் வில்லை ஒன்றுதான், அதற்கு மதில் இல்லை. என்னுடைய வளவில் இறக்கின தண்ணி பக்கத்துக் கிணற்றிலும் ஊறும், பக்கத்து வீட்டுக் குழியில் கசிகிறது என்னுடைய கிணற்றிலும் வரும். ஒரு ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்தால்தான் கார்த்திகையில் வித்தியாசம் தெரியும். சனசமூக நிலையமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கதைக்க வேண்டிய விசயம் இது. வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கிற பிரதேச சபையும், கூரைத்தண்ணி எங்கே போகிறது என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்துக் கேட்கலாம்.

எங்கட தலைமுறைக்குக் காணி எழுதுகிற காலம் வந்துகொண்டிருக்கிறது. எங்களில் பலர் வெளிநாட்டுக்குப் போவோம், சிலர் இங்கேயே வீடு கட்டுவோம். கட்டுகிறவர்கள் மேசனோடு முதல்முதல் கதைக்கிற நாளில், மதில் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால் கூரைத்தண்ணி எங்கே இறங்கப்போகிறது என்று கேளுங்கோ. கிணறு வெட்டினபிறகு கேட்டால் பிந்திப்போகும்.